ஹிமாலயன் 450: கம்பெனி பாக்ஸா, வெளியே வாங்குவதா? ஸ்பிட்டி போகும் முன் ஆலோசனை தேவை

#1 காவேரிக்கரை (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக் எடுத்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. இதுவரை வால்பாறை, கொல்லிமலை, மூணாறு என்று பக்கத்துப் பயணங்கள்தான். பின்சீட்டில் ஒரு பையை வைத்து பங்கி கயிற்றால் இழுத்துக் கட்டினால் வேலை முடிந்தது. இப்போது நிலைமை வேறு. வரும் ஜூன் கடைசியில் நானும் மனைவியும் இமாச்சலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போகிறோம். வண்டியை ரயிலில் சண்டிகருக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து சிம்லா, கின்னோர், காசா, குன்சும் லா கணவாய், மணாலி என்று ஒரு சுற்று. பின்சீட்டில் ஆள் உட்காருவதால் பையைக் கட்ட இடமே இல்லை.

ஷோரூமில் கம்பெனி அலுமினியப் பெட்டிகளைக் காட்டினார்கள். பார்க்க அம்சமாக இருக்கின்றன, விலையும் அதற்கு ஏற்ற மாதிரி. நண்பர்களில் சிலர் வெளியே வாங்கினால் நிறைய மிச்சம் என்கிறார்கள். வேறு சிலர் பெட்டியே வேண்டாம், இரண்டு பக்கமும் தொங்கும் துணிப் பையான சாடில் பேக் போதும் என்கிறார்கள். எனக்கு மூன்று கவலை: வெளியே வாங்கி மாட்டினால் வாரண்டி என்ன ஆகும், மழையில் துணி நனையுமா, இரண்டு பேர் சாமான் கொள்ளுமா. ஸ்பிட்டி முடிந்த பிறகு வருடம் முழுக்க நம்ம ஊர்ப் பக்கம்தான் ஓட்டப் போகிறேன் என்பதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

#2 நெய்தல்நிலம் (தூத்துக்குடி)

கண்ணை மூடிக்கொண்டு கம்பெனி பெட்டியைப் போடுங்கள் தம்பி. நான் அதைத்தான் போட்டிருக்கிறேன், காரணத்தோடு சொல்கிறேன்.

முதல் விஷயம், ரேக், அதாவது பெட்டியைத் தாங்கும் சட்டம், அந்த வண்டிக்கென்றே அளவெடுத்துச் செய்தது. போல்ட் நீளம், நடுவில் வரும் ஸ்பேசர், சைலன்சருக்கு விட வேண்டிய இடைவெளி எல்லாம் பெட்டியோடு வருகிறது. எங்கேயும் துளை போட வேண்டாம், எதையும் வளைக்க வேண்டாம். மாட்டுவதும் சர்வீஸ் சென்டரில்தான். நாளைக்கு ஏதாவது ஆடினால், அதிர்ந்தால், போய்க் கேட்க ஒரே இடம். வெளியே வாங்கினால் ரேக் செய்தவர் பெட்டியைக் கைகாட்டுவார், பெட்டி விற்றவர் ரேக்கைக் கைகாட்டுவார்.

இரண்டாவது, பூட்டு. நம்ம ஊர்ப் பயணம் என்றாலே பாதி கோயில்தான். தஞ்சாவூரில் பெரிய கோயில் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஜாக்கெட், பூட்ஸ், கேமரா எல்லாவற்றையும் எங்கே வைப்பீர்கள்? பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு நிம்மதியாகச் சாமி கும்பிட்டு வரலாம். துணிப் பைக்கு என்ன பூட்டு போட்டாலும் ஒரு பிளேடு போதும்.

மழை பற்றிக் கேட்டீர்கள். ஐப்பசி மழையில் ராமநாதபுரத்திலிருந்து வீடு வரை கொட்டக் கொட்ட ஓட்டி வந்திருக்கிறேன். மூடியின் ரப்பர் பீடிங் சுத்தமாக இருந்தால் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. மண் ஒட்டியிருந்தால் இறங்கும், அதனால் துடைத்துவிட்டு மூடுங்கள்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். உள்பக்கம் பெயின்ட் இல்லாத அலுமினியமாக இருந்தால், துணி அதில் உரசி உரசி ஒரு கறுப்புப் பொடி கிளம்பும். வெள்ளை வேட்டியை நேரடியாக உள்ளே வைத்தால் மடிப்பு மடிப்பாகக் கறுப்புக் கோடு விழுந்திருக்கும், சோப்புக்கும் சரியாகப் போகாது. உள்பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விடுதிக்குப் போனதும் பையை மட்டும் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதும் வசதி.

#3 சேர்வராயன் (சேலம்)

காவேரிக்கரை, பிராண்டைப் பிறகு பார்க்கலாம். முதலில் எடையைப் பாருங்கள். உங்கள் வண்டியின் கெர்ப் வெயிட், அதாவது பெட்ரோலோடு வண்டியின் சொந்த எடை, 196 கிலோ. மேனுவலில் அதிகபட்ச மொத்த எடை என்று ஒன்று போட்டிருக்கும். அதில் 196-ஐக் கழியுங்கள். வருவதுதான் நீங்கள், உங்கள் மனைவி, ஹெல்மெட், ஜாக்கெட், ரேக், பெட்டி, பெட்டிக்குள் இருக்கும் சாமான் எல்லாம் சேர்த்து வண்டி சுமக்கக்கூடிய எடை.

இதில் பலர் மறப்பது காலிப் பெட்டியின் எடை. அலுமினியப் பெட்டி ஒன்று காலியாகவே நாலைந்து கிலோ வரும், சிலது அதற்கும் மேலே. ரேக் ஒரு நாலைந்து கிலோ. இரண்டு பெட்டியும் ரேக்குமாக ஒரு சட்டைகூட வைக்கும் முன்பே பதினைந்து கிலோ போய்விடும். நல்ல சாடில் பேக் ஜோடி நாலு கிலோ அளவில்தான் இருக்கும். தனியாகப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. ஜோடியாகப் போகிறவருக்கு இதுதான் முழு விஷயமே.

அடுத்தது எடை எங்கே உட்காருகிறது என்பது. ஹிமாலயன் 450-இன் வீல்பேஸ், அதாவது இரண்டு சக்கர அச்சுக்கும் நடுவில் உள்ள தூரம், 1510 மி.மீ. பின் அச்சுக்கு 35 செ.மீ. பின்னால், சீட்டுக்குப் பின்புறம் மேலே மாட்டும் டாப் பாக்ஸில் 10 கிலோ வைக்கிறீர்கள் என்று வையுங்கள். 10-ஐ 35-ஆல் பெருக்கி 151-ஆல் வகுத்தால் 2.3 வரும். அதாவது முன்சக்கரத்தின் மேலிருந்து 2.3 கிலோ தூக்கப்படுகிறது, பின்சக்கரத்தின் மேல் 12.3 கிலோ இறங்குகிறது. வைத்தது 10, ஏறியது 12.3. பின்னால் போகப் போக இது கூடிக்கொண்டே போகும். அதே 10 கிலோ பின் அச்சுக்கு நேர் மேலேயோ முன்னாலேயோ பக்கவாட்டில் தாழ்வாக இருந்தால் முன்சக்கரம் லேசாகாது. ஏற்றத்தில் முன்பக்கம் மிதப்பது போல, வளைவில் ஹேண்டில் சொல்பேச்சு கேட்காதது போல சிலர் சொல்வார்கள் பாருங்கள், பெரும்பாலும் காரணம் இதுதான்.

கணக்கைப் போட்டுவிட்டு வாருங்கள், ரேக் பற்றிப் பேசலாம்.

#4 காவேரிக்கரை (திருச்சி)

அண்ணா, போட்டுப் பார்த்தேன். நான் 78, மனைவி 58. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறினால் இரண்டு பேரும் சேர்ந்து 150-ஐ நெருங்குகிறோம். நான் மனதில் வைத்திருந்த சாமானுக்கு மிச்சம் போதாது. அலுமினியப் பெட்டி என்றால் அந்த மிச்சத்திலும் ஒரு நல்ல பங்கு பெட்டிக்கே போகும் போல.

#5 மண்ரோடு (தேனி)

இந்தக் கணக்கோடு நான் ஒன்றைச் சேர்க்கிறேன், இதைச் சொல்லாமல் விட முடியாது. கெட்டிப் பெட்டி காலுக்கு ஆபத்து.

சரளைக்கல்லிலோ சேற்றிலோ மெதுவாகப் போகும்போது வண்டி சாயப் பார்த்தால் நாம் என்ன செய்வோம்? யோசிக்காமல் காலை ஊன்றுவோம். வண்டி முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், ஊன்றிய கால் நின்ற இடத்தில் நிற்கும். பின்னாலிருந்து பெட்டியின் முன்விளிம்பு வந்து கெண்டைக்காலில் இடிக்கும். வண்டி அந்தப் பக்கமே விழுந்தால் கால் பெட்டிக்கும் தரைக்கும் நடுவில். மணாலிப் பக்கம் போய்க் கணுக்கால் முறிந்து வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பலர் இதே கதையைத்தான் சொல்வார்கள். துணிப் பை என்றால் அமுங்கிக் கொடுக்கும்.

காசாவிலிருந்து லோசர் வரை பரவாயில்லை. குன்சும் லா இறங்கி பாதல், சத்ரு வழியாக கிராம்பு வரும் வரை நிறைய இடங்களில் ரோடு என்பது ஆற்றுக் கூழாங்கல்தான். பனி உருகி வரும் ஓடைகள் ரோட்டின் மேலேயே ஓடும். காலையில் முழங்காலுக்குக் கீழே இருக்கும் தண்ணீர் வெயில் ஏற ஏறக் கூடும், அதனால் விடியலிலேயே கிளம்பிவிடுவார்கள். அந்த இடத்தில் உங்கள் மனைவி இறங்கி நடப்பார், நீங்கள் இரண்டு காலாலும் தள்ளித் தள்ளி வண்டியை நகர்த்துவீர்கள். அப்போது காலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது முக்கியம்.

#6 நெய்தல்நிலம் (தூத்துக்குடி)

மண்ரோடு சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நாள் ரோட்டுக்காக வருடம் முழுக்க ஓட்டும் வண்டிக்கு லக்கேஜ் தேர்ந்தெடுப்பதா? காவேரிக்கரையே சொல்லிவிட்டார், ஸ்பிட்டி முடிந்தால் நம்ம ஊர்தான் என்று. தார்ரோட்டில் பெட்டியின் வசதி துணிப் பைக்கு வரவே வராது. தினமும் ராத்திரி பக்கிள் கழற்றி, ஸ்ட்ராப் கழற்றி, காலையில் மறுபடி கட்டி இழுத்து என்று பொழுது போகும். பெட்டி என்றால் சாவியைத் திருகினால் கையோடு வந்துவிடும்.

அப்புறம், ஜோடியாகப் போகிறவர் அந்த லோசர்-கிராம்பு பாதையையே தவிர்த்துவிட்டுப் போன வழியே கின்னோர் பக்கம் திரும்பலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

#7 சேர்வராயன் (சேலம்)

சேலத்தில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். ஒடிந்த ரேக்குகள் வெல்டிங்குக்கு வருவது வழக்கம். அவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த முடிவு இது: லக்கேஜில் உயிர்நாடி ரேக்தான். பெட்டியோ பையோ அதன் மேல் உட்காரும் சாமான். கம்பெனியா வெளியேயா என்ற கேள்வியைப் பெட்டிக்குக் கேட்காதீர்கள், ரேக்குக்குக் கேளுங்கள்.

ஒடிந்து வருபவற்றில் குழாய் நடுவில் முறிந்து நான் பார்த்தது அரிது. முறிவது காது. அதாவது குழாயின் நுனியைத் தட்டையாக்கியோ தகடு வைத்து வெல்டிங் செய்தோ போல்ட் போட ஒரு காது வைத்திருப்பார்கள் அல்லவா, அந்த வெல்டிங் முடியும் விளிம்பில் தலைமுடி மாதிரி ஒரு கோடு ஆரம்பிக்கும். பெயின்ட் அந்த இடத்தில் மட்டும் மெல்லிசாக உரிந்து, துரு ஒரு கோடாக எட்டிப் பார்க்கும். அதைக் கவனிக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் ரேக் கையோடு வந்துவிடும். காரணம் எடை மட்டும் இல்லை, ஆட்டம். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் பத்துக் கிலோ பெட்டி அந்தக் கணத்துக்குப் பல மடங்கு எடையாகக் காதை இழுக்கிறது. ரேக் உள்ளே வெளியே ஆடும் அளவுக்கு இடம் இருந்தால் கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது போலத்தான்.

அதனால் வெளியே ரேக் வாங்கினால் நான் பார்ப்பவை இவை. ஒரு பக்கத்துக்கு மூன்று இடத்திலாவது ஃப்ரேமில் பிடித்திருக்க வேண்டும். இரண்டு இடப் பிடிப்பு என்றால் வேண்டாம். இடது வலது ரேக் இரண்டையும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குக் குழாய் இணைக்க வேண்டும். இதுதான் உள்நோக்கி ஆடுவதைத் தடுப்பது. விலை குறைக்க நினைப்பவர்கள் முதலில் விடுவதும் இதைத்தான். பின்சீட் ஃபுட்ரெஸ்ட் போல்ட்டையே ரேக்குக்கும் பயன்படுத்தியிருந்தால், அங்கே நீளமான, தரம் குறையாத போல்ட் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஏனென்றால் அந்த போல்ட் உங்கள் மனைவியின் காலையும் தாங்குகிறது.

கம்பெனி ரேக்கில் இவை பொதுவாகச் சரியாக இருக்கும். நெய்தல்நிலம் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு உள்ள இடம் இது. உள்ளூர் பட்டறையில், என் பட்டறை உட்பட, கண்ணளவில் செய்து கொடுக்கும் ரேக் ஸ்பிட்டிக்கு வேண்டாம் என்றே சொல்வேன். ஒடிந்தால் ஒட்டவைக்க நாங்கள் இருக்கிறோம். ரேக் சாதா இரும்புக் குழாயாக இருந்தால் காசாவில்கூட ஆர்க் வெல்டிங்கில் ஒட்டிவிடலாம். அலுமினியத்தை அப்படி எல்லா இடத்திலும் ஒட்ட முடியாது. பெட்டி நசுங்கினால் மரக்கட்டையை உள்ளே முட்டுக் கொடுத்துச் சுத்தியலால் தட்டி ஓரளவு நிமிர்த்தலாம். பிளாஸ்டிக் பெட்டி நசுங்காது, ஆனால் விரிசல் விட்டால் டேப் ஒட்டி ஊர் வந்து சேர வேண்டியதுதான்.

#8 பின்இருக்கை (கோயம்புத்தூர்)

இவ்வளவு பேர் பேசியாகிவிட்டது, பின்னால் உட்காரப் போகிறவரை யாரும் கேட்கவில்லை. நான் வருடக்கணக்காகப் பின்சீட்டில் தென்னிந்தியா முழுக்கச் சுற்றியவள். சொல்கிறேன்.

காவேரிக்கரை, வாங்கும் முன் மனைவியை ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். செருப்போடு வேண்டாம், பயணத்துக்குப் போடப் போகிற பூட்ஸோடு. பெட்டி மாட்டிய வண்டியில் ஏறி, ஃபுட்ரெஸ்டில் கால் வைத்து, ஒரு பத்து நிமிஷம் உட்காரச் சொல்லுங்கள். குதிகால் பெட்டியின் முன்மூலையில் இடிக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். சில ரேக்கில் பெட்டியை எடைக்காக முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். வண்டிக்கு நல்லது, ஆனால் பின்னால் இருப்பவர் நாள் முழுக்கக் குதிகாலை வெளியே திருப்பியே வைத்திருக்க வேண்டும். சாயங்காலம் முட்டி வலி நிச்சயம்.

ஏறி இறங்குவது இன்னொன்று. இரண்டு பக்கம் பெட்டி, பின்னால் டாப் பாக்ஸ் என்று ஆகிவிட்டால் காலை வீசிப் போட இடம் கிடையாது. இடது ஃபுட்ரெஸ்டில் ஏறி நின்று, ஓட்டுபவர் தோளைப் பிடித்துக்கொண்டு, முட்டியை மடக்கி உள்ளே நுழைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஓட்டுபவர் இரண்டு காலையும் ஊன்றி நிற்காவிட்டால் இரண்டு பேரும் கீழே. ஒவ்வொரு டீக்கடையிலும் இதுதான்.

டாப் பாக்ஸை மொத்தமாகக் குறை சொல்ல மாட்டேன். முதுகு சாய ஒரு மெத்தை கிடைத்தால் நீண்ட நெடுஞ்சாலையில் அது வரம். இரண்டு ஹெல்மெட் வைக்கவும் அதுதான். சேர்வராயன் கணக்குப்படி அதில் கனமான எதையும் வைக்காதீர்கள், அவ்வளவுதான். டவல், ஜெர்க்கின், முறுக்குப் பொட்டலம் வைக்கலாம்.

பல வண்டிகளில் சேலை கார்டைக் கழற்றிவிட்டுத்தான் இடது ரேக் மாட்ட வேண்டியிருக்கும். ஸ்பிட்டியில் யாரும் சேலை கட்டி உட்காரப் போவதில்லை. ஊருக்கு வந்தபின் அம்மாவையோ அத்தையையோ கூட்டிக்கொண்டு போவீர்கள் என்றால், ரேக்கைக் கழற்றிக் கார்டைத் திரும்ப மாட்ட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். துப்பட்டாவுக்கும் அது தேவை.

#9 கிந்தாமழை (ஈப்போ, மலேசியா)

இங்கே எங்கள் ஊரில் சின்ன மோட்டார் முதல் பெரிய டூரிங் வண்டி வரை எதைப் பார்த்தாலும் பின்னால் கிவி பெட்டி இருக்கும். இத்தாலிக் கம்பெனி என்றாலும் மலேசியாவிலேயே அவர்களுக்கு உற்பத்தி இருக்கிறது, ஒரு சின்ன பூட்டு உடைந்தால்கூடத் தனியாகக் கிடைக்கும். வெளியே வாங்குவதில் எனக்குப் பிடித்ததே இதுதான்: வண்டியை மாற்றினாலும் பெட்டி கூடவே வரும். அடித்தட்டையும் ரேக்கையும் மட்டும் புது வண்டிக்கு வாங்கினால் போதும். கம்பெனி பெட்டியை வண்டியோடு சேர்த்தே விற்க வேண்டும்.

ஒரு விவரம் பலருக்குத் தெரிவதில்லை. கிவியில் மோனோலாக், மோனோகீ என்று இரண்டு பிடிப்பு முறை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் பெட்டிதான். ஆனால் மோனோலாக் டாப் பாக்ஸில் அவர்கள் அனுமதிக்கும் எடை 3 கிலோ, மோனோகீயில் 10 கிலோ. ஸ்கூட்டருக்கு வாங்கிய மோனோலாக் பெட்டியை எடுத்து டூரிங் வண்டியில் மாட்டி, மடிக்கணினி, பூட்டுச் சங்கிலி, தண்ணீர் பாட்டில் எல்லாம் அடைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். கேமரன் மலை ஏறும்போது பெட்டி தனியே பறந்தால் பின்னால் வருகிறவர் கதி என்ன? எந்தப் பிராண்டாக இருந்தாலும் பெட்டியின் உள்மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். எத்தனை கிலோ, எத்தனை வேகம் வரை என்று இருக்கும்.

#10 தென்றல்450 (சென்னை)

வாரண்டி பற்றி யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வெளியே வாங்கிய ரேக் மாட்டியதால் மட்டுமே இன்ஜின் வாரண்டி போய்விடும் என்பதில்லை. ரேக் பிடித்த இடத்தில் ஃப்ரேம் வளைந்தது, விரிசல் விட்டது என்று போனால் மறுப்பார்கள், அது நியாயம்தான். நடைமுறையில் தகராறு வருவது பெரும்பாலும் ஒயரிங்கில். ஃபாக் லைட்டுக்காக ஒயரை வெட்டி ஒட்டினால் சென்சார் கோளாறு எதற்குப் போனாலும் அதைக் காட்டுவார்கள். ரேக் மாட்டும் கையோடு லைட்டும் போடச் சொல்லாதீர்கள். கம்பெனி பெட்டியே வாங்கினாலும் மாட்டியதை சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.

இன்ஷூரன்ஸையும் பாருங்கள். பாலிசி போடும்போது கூடுதல் துணைச் சாமான்கள் என்று தனியாகச் சொல்லி, மதிப்பைச் சேர்த்து, அதற்கான பிரீமியம் கட்டினால்தான் பெட்டிக்கு இழப்பீடு. கம்பெனிப் பெயர் போட்டிருக்கிறது என்பதற்காகத் தானாகச் சேராது.

சட்டத்துக்கு வருவோம். 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. மோட்டார் சைக்கிளில் வைக்கும் பெட்டி நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மி.மீ. தாண்டக் கூடாது. பின்சீட் இடத்தில் பெட்டி வைத்தால் ஓட்டுபவர் மட்டுமே போகலாம், பின்சீட்டுக்குப் பின்னால் வைத்தால் இரண்டாவது ஆள் உட்காரலாம். சாதாரண டாப் பாக்ஸ் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். பக்கப் பெட்டி மாட்டிய பிறகு மொத்த அகலத்தை மட்டும் ஒரு டேப் வைத்து அளந்து, ஹேண்டில்பாரோடு ஒப்பிட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் நுழைந்த சந்தில் பின்பக்கம் நுழையாமல் போவதுதான் நகரத்தில் பெட்டிக்காரர்கள் படும் பாடு.

#11 காவேரிக்கரை (திருச்சி)

எல்லோருக்கும் நன்றி. பின்இருக்கை சொன்னபடி மனைவியோடு ஷோரூம் போனோம். பெட்டி மாட்டிய டெமோ வண்டி இருந்தது. குதிகால் இடிக்கவில்லை, ஆனால் ஏறி இறங்குவது அவளுக்குப் பிடிக்கவில்லை. வலது பெட்டி சைலன்சர் பக்கம் இருப்பதால் இன்னும் வெளியே தள்ளி நிற்கிறது. "இதை ஒரு தடவை காலால் உதைக்காமல் நான் இறங்க மாட்டேன்" என்றாள்.

இப்போது எனக்கு வரும் யோசனை: கம்பெனி ரேக் மட்டும் வாங்கி, அதன் மேல் வெளியே வாங்கிய சாடில் பேக் போட்டால்? வயாடெர்ரா, ரைனாக்ஸ் பைகளை இங்கே ஒரு கடையில் பார்த்தேன். ஊர்ப் பயணத்துக்குப் பின்னால் பெட்டி வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? வலது பக்கம் சைலன்சர் சூடு பற்றித்தான் பயம்.

#12 சேர்வராயன் (சேலம்)

இதுதான் நான் சொல்ல வந்த இடம். ரேக்கில் காசைப் போடுங்கள், அது வண்டியோடு இருக்கட்டும். மேலே வைப்பதைப் பயணத்துக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம். கம்பெனி ரேக்கைத் தனியாகத் தருவார்களா என்று கேளுங்கள். குழாய் உருண்டையா, அதன் விட்டம் என்ன என்று காலிப்பர் வைத்துப் பாருங்கள். 16, 18 மி.மீ. உருண்டைக் குழாய்க்குத்தான் வெளியே கிளாம்ப்புகள் எளிதாகக் கிடைக்கும். பெட்டியின் கொக்கிக்கென்றே தகட்டில் வெட்டிய ரேக்காக இருந்தால் வேறு பெட்டி பிறகு பொருந்தாது. சாடில் பேக்குக்கு எதுவானாலும் பரவாயில்லை, பை சாய ஒரு சட்டம் இருந்தால் போதும்.

சூட்டுக்கு வழி இருக்கிறது. பையை முழுக்க நிரப்பி மாட்டுங்கள். காலிப் பை தள்ளி நிற்கும், நிரப்பிய பை வயிறு தள்ளி சைலன்சரைத் தொடும். மனைவியைப் பின்சீட்டில் உட்கார வைத்து, வண்டி அமுங்கிய நிலையில் பைக்கும் சைலன்சருக்கும் நடுவில் நாலு விரல் நுழைகிறதா பாருங்கள். நுழையாவிட்டால் ரேக்கில் ஒரு அலுமினியத் தகட்டைக் கவசமாக வைக்க வேண்டும். பை உருகியதாக வரும் கேஸ்களில் பல, பை பட்டு உருகியது இல்லை. இழுத்துக் கட்டிய ஸ்ட்ராப்பின் மிச்ச வால் காற்றில் ஆடிச் சைலன்சரில் ஒட்டிக்கொள்கிறது. நைலான் இளகி, ஸ்ட்ராப் தளர்ந்து, பை சரிந்த பிறகுதான் தெரியவரும். வாலைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள், இல்லை அளவாக வெட்டி நுனியை லைட்டரால் கருக்கிவிடுங்கள்.

போல்ட்டுகளில் தானாகத் தளராத நைலாக் நட், இல்லாவிட்டால் மரையில் தடவும் லாக்டைட் பசை. இறுக்கிய பிறகு நட்டிலிருந்து ரேக் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். தினமும் காலையில் ஸ்பேனர் எடுக்க வேண்டாம். கோடு உடைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும்.

உள்ளே அடுக்குவது: டூல்ஸ், பஞ்சர் கிட், ஏர் பம்ப், செயினுக்குப் போடும் லூப்ரிகன்ட் எல்லாம் அடியில், முன்பக்கமாக. துணி மேலே. இரண்டு பக்கமும் வீட்டுத் தராசில் எடை போட்டுச் சமமாக்குங்கள். ரேக்கே ஒரு பக்கம் தள்ளி நிற்பதால் கண்ணுக்குச் சமமாகத் தெரிவது சமமாக இருக்காது. பின் ஷாக் அப்சார்பரில் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் இறுக்கத்தை) ஏற்றுங்கள், டயர் காற்றை மேனுவலில் இரண்டு பேருக்குச் சொன்ன அளவுக்கு வையுங்கள். பிறகு முழுச் சாமானோடும் மனைவியோடும் கொல்லிமலை ஏறி இறங்குங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவும் உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும், வீட்டுக்கும் பக்கம். தளருவது அங்கே தளரட்டும்.

#13 மண்ரோடு (தேனி)

சரியான முடிவு. பை வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். தையல் போட்ட பைக்கு மழை உறை தனியாக வரும். எண்பதில் போகும்போது காற்று உள்ளே புகுந்து உறையைப் பலூனாக்கிப் பிய்த்துக்கொண்டு போகும். தையல் இல்லாமல் சூட்டில் ஒட்டிய, வாயைச் சுருட்டி மூடும் பையாக இருந்தால் உறையே வேண்டாம். அது விலை கூட என்றால் சாதாரணப் பையே வாங்கி, உள்ளே சுருட்டி மூடும் ட்ரை பேக், அதாவது தண்ணீர் புகாத பை, ஒன்று போடுங்கள். வெளிப் பை நனையட்டும், துணி நனையாது. ஓடைத் தண்ணீர் கீழிருந்து அடிக்கும் என்பதால் எனக்கு இந்த உள்பை முறைதான் பிடிக்கும்.

#14 நெய்தல்நிலம் (தூத்துக்குடி)

நம்ம ஊர்ப் பயணத்துக்குக் கம்பெனி பெட்டிதான் என்ற என் கருத்தில் மாற்றமில்லை, ஆனால் ரேக் வாங்கி வைத்தால் அந்தக் கதவும் திறந்தே இருக்கிறது. ரயில் பார்சல் விஷயத்தில் துணிப் பைக்கு ஒரு கூடுதல் லாபம் இருக்கிறது, அதை நானே சொல்கிறேன். பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள், வண்டியைச் சாக்கும் அட்டையும் சுற்றிப் பொதிய வேண்டும். பெட்டியோடு அனுப்பினால் அடுக்கும்போது முதலில் இடிபடுவது அதுதான். கழற்றினால் இரண்டு அலுமினியப் பெட்டியை ஸ்லீப்பர் கோச்சில் நீங்கள் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். பையை மடித்து பெர்த்துக்குக் கீழே தள்ளிவிடலாம். கண்ணாடிகளையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரேக்கின் வெளிமூலைகளில் பழைய டியூப்பை வெட்டிச் சுற்றிவிடுங்கள், பக்கத்து வண்டியைக் கீறினாலும் உங்கள் ரேக் வளைந்தாலும் வம்பு.

#15 காவேரிக்கரை (திருச்சி)

கம்பெனி ரேக்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன், தனியாகத் தருகிறார்கள். உருண்டைக் குழாய்தான். ரேக் மாட்டியதும் வண்டியையே கடைக்கு ஓட்டிப் போய்ப் பையைப் போட்டுப் பார்த்து வாங்கப் போகிறோம். டாப் பாக்ஸ் வேண்டாம் என்று முடிவு. பின் கேரியரில் சின்ன ட்ரை பேக் ஒன்று, அதில் குளிர் ஜாக்கெட்டுகள் மட்டும். சித்திரை முடிவதற்குள் கொல்லிமலை.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். மழைக்கோட்டு, மருந்து, தண்ணீர், சாப்பாடு இதெல்லாம் எந்தப் பக்கம்?

#16 பின்இருக்கை (கோயம்புத்தூர்)

மருந்தும் தின்பண்டமும் இடது பையில் மேலே. முதலில் இறங்குகிறவர் உங்கள் மனைவிதான், அந்தப் பக்கம்தான் ரோடு ஓரமும். நீங்கள் ஸ்டாண்ட் போட்டு நிமிர்வதற்குள் எடுத்துவிடுவார். தண்ணீர் டேங்க் பேக்கில், இல்லாவிட்டால் அவர் முதுகுப் பையில், ஓடும்போதே குடிக்கிற மாதிரி. உயரமான இடத்தில் தாகம் தெரியாது, அவர்தான் உங்களுக்கும் நினைவுபடுத்திக் கொடுக்க வேண்டும்.

மழைக்கோட்டை மட்டும் எந்தப் பைக்குள்ளும் வைக்காதீர்கள். பின் ட்ரை பேக்கின் மேலே, ஸ்ட்ராப்புக்கு அடியில் இரண்டையும் சுருட்டிச் செருகுங்கள். மலையில் மழை சொல்லிக்கொண்டு வராது. பையைத் திறந்து தேடும் நேரத்தில் நீங்களும் நனைவீர்கள், பைக்குள் இருக்கும் துணியும் நனையும்.